பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டு வருடம்

ராபர்ட் ரெட்ஃபோர்ட் தொலைபேசியில் பேசுகிறார். 1976-இல் வந்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' படத்தில் வரும் காட்சி. வாஷிங்டனில் எதிர்க்கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்துக்குள் நள்ளிரவில் புகுந்து பிடிபட்டவர்களில் ஒருவருடைய வங்கிக் கணக்கில் 25,000 டாலருக்கு ஒரு காசோலை போடப்பட்டிருக்கிறது. அதில் கென்னத் டால்பெர்க் என்று ஒரு பெயர். யார் இவர்? வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பாப் உட்வர்டாக நடிக்கும் ரெட்ஃபோர்ட் அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் போடுகிறார். மறுமுனையில் இருப்பவர் தயங்குகிறார், மழுப்புகிறார், பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியைக் கடத்திவிட்டார்கள், அந்தப் பதற்றத்தில் இருக்கிறேன் என்கிறார். போன் வைக்கப்படுகிறது. உட்வர்ட் இன்னொருவருக்குப் போடுகிறார். டால்பெர்க் மறுபடி கூப்பிடுகிறார்.

இந்தக் காட்சி ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடுகிறது. நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது. ஆரம்பத்தில் உட்வர்டோடு சேர்த்துப் பின்னால் இருக்கும் அலுவலகமும் தெரியும். ஆட்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். கேமரா நெருங்கி வருகிறது, ஆனால் வருவதே தெரியாது. சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதை நாம் பார்ப்பதில்லையே, அந்த மாதிரி. காட்சி முடியும்போது திரையில் மிச்சம் இருப்பது ஒரு முகமும் ஒரு ரிசீவரும் மட்டும்தான். கடைசியில் ரெட்ஃபோர்ட் ஒருவர் பெயருக்குப் பதிலாக இன்னொருவர் பெயரைச் சொல்லிவிடுகிறார். உடனே சமாளித்துத் திருத்திக்கொண்டு தொடர்கிறார். உண்மையிலேயே நடிகருக்கு நாக்கு புரண்ட இடம் அது. அந்த டேக்கைத்தான் படத்தில் வைத்தார்கள்.

நான் பத்திரிகை வேலைக்கு வந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, பேட்டி கேசட்டுகளைக் கேட்டு எழுதுவது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, ரீவைண்ட் செய்து, மறுபடி கேட்டு எழுத வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு முழுப் பகல் பிடிக்கும். பேசுகிறவரின் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் வரும், யாரோ டீ டம்ளரை வைக்கும் சத்தம் வரும், தெருவில் காய்கறி வண்டி போகும். நாலைந்து மாதத்தில் ஒன்று பிடிபட்டது. ஒருவர் பொய் சொல்லப்போகிறார் என்றால் அதற்கு முன்னால் மூச்சு கொஞ்சம் நிற்கும். அழப்போகிறார் என்றால் பேச்சின் வேகம் கூடும். எழுத்தில் இதெல்லாம் வராது. கேசட்டைக் கேட்டவனுக்கு மட்டும் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, அந்தத் தொலைபேசிக் காட்சியை முதல்முறை பார்த்தபோது எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. கேட்பது என்றால் என்ன என்று தெரிந்த ஒரு ஆள் எடுத்த காட்சி இது என்று தோன்றியது. படத்தின் இயக்குநர் ஆலன் ஜே. பகுலா. அதற்கப்புறம் அவருடைய மற்ற படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். அவர் பன்னிரண்டு வருடம் தயாரிப்பாளராக இருந்துவிட்டு நாற்பதைத் தாண்டி இயக்குநர் ஆனவர் என்று தெரிந்தபோது என் மனதில் இருந்த பல கேள்விகளுக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

பகுலா 1928-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். பெற்றோர் போலந்து வழி வந்த யூதர்கள், அப்பா அச்சுத் தொழில் நடத்தியவர். யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு ஹாலிவுட் போனார். கிடைத்த முதல் வேலை வார்னர் பிரதர்ஸின் கார்ட்டூன் பிரிவில் உதவியாளர். அங்கிருந்து எம்.ஜி.எம்., அங்கிருந்து பாரமவுண்ட். 1957-இல் பாரமவுண்டுக்காக முதல் படத்தைத் தயாரித்தபோது வயது முப்பதைத் தொடவில்லை. 'ஃபியர் ஸ்ட்ரைக்ஸ் அவுட்' என்ற அந்தப் படம் ஜிம்மி பியர்சால் என்ற நிஜ பேஸ்பால் வீரரின் கதை. மகனை விடாமல் விரட்டும் அப்பா, ஒருநாள் மைதானத்திலேயே மனம் உடைந்துபோகும் மகன், அப்புறம் மருத்துவமனையில் அவனைப் பேசவைத்துக் கேட்கும் மனநல மருத்துவர். அந்தோணி பெர்க்கின்ஸ் மகனாக நடித்தார்.

இயக்கியது ராபர்ட் மல்லிகன். தொலைக்காட்சியிலிருந்து வந்தவர், அவருக்கும் அதுதான் முதல் சினிமா. இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1957-லிருந்து 1968 வரை மொத்தம் ஏழு படங்கள். ஏழிலும் மல்லிகன் இயக்குநர், பகுலா தயாரிப்பாளர். ஒருமுறைகூட இடம் மாறவில்லை.

தயாரிப்பாளர் என்றதும் நம் மனதில் வருவது பணப்பெட்டி. ஹாலிவுட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவன் பணம் போடுவான். பகுலா மாதிரியான தயாரிப்பாளருடைய வேலை வேறு. கதையைக் கண்டுபிடிப்பார். உரிமையை வாங்குவார். யார் எழுதினால் அந்தக் கதை கெடாது என்று யோசித்து, அவரைச் சம்மதிக்கவைப்பார். ஸ்டுடியோக்காரர்களிடம் போய் உட்கார்ந்து பேசுவார். நடிகர்களுக்கும் இயக்குநருக்கும் நடுவில் நிற்பார். எல்லாம் நடந்து முடிந்ததும் 'ஆக்‌ஷன்' சொல்கிற ஆள் இன்னொருவர்.

அந்த வேலையை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' ஒன்றே போதும். ஹார்ப்பர் லீயின் நாவல் 1960-இல் வந்தது, அடுத்த வருடமே புலிட்சர் பரிசு. இத்தனை பேர் வாங்கிப் படித்த புத்தகத்துக்கும் ஸ்டுடியோக்கள் வரிசையில் நிற்கவில்லை. சண்டை இல்லை, காதல் இல்லை. அலபாமாவில் ஒரு சின்ன ஊர், மனைவியை இழந்த ஒரு வக்கீல், இரண்டு குழந்தைகள், செய்யாத குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு கறுப்பர். பகுலாவும் மல்லிகனும் அதைக் கையில் எடுத்தார்கள். திரைக்கதை எழுத ஹார்ப்பர் லீக்கு விருப்பம் இல்லை. தென்மாநிலச் சிற்றூர்களை உள்ளிருந்து அறிந்த ஹார்ட்டன் ஃபுட் எழுதினார். வக்கீலாக கிரெகரி பெக் வந்ததும் யுனிவர்சல் ஸ்டுடியோ படத்தை எடுத்துக்கொண்டது.

லீயின் சொந்த ஊரான மன்ரோவில்லிலேயே எடுக்கலாம் என்றால், 1930-களின் தோற்றம் அந்த ஊரில் மிச்சம் இல்லை. கலை இயக்குநர் ஹென்றி பம்ஸ்டெட் அங்கே போய்ப் பழைய நீதிமன்றத்தை அளந்து எடுத்து வந்தார். அந்த அளவில் ஹாலிவுட்டில் நீதிமன்றம் எழுந்தது. தெருவுக்கு என்ன செய்வது? அந்தச் சமயம் லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ரவைன் பகுதியில் டாட்ஜர்ஸ் அணியின் மைதானத்துக்காக வீடுகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இடிபடவிருந்த சிறிய மரவீடுகளில் சுமார் ஒரு டஜனை வாங்கி, ஸ்டுடியோவின் பின்நிலத்துக்குப் பெயர்த்துக்கொண்டு வந்து தெருவாக அடுக்கினார்கள். திண்ணை சேர்த்தார்கள், சன்னல் கதவு சேர்த்தார்கள். நாம் படத்தில் பார்க்கும் அந்த அலபாமா தெரு இப்படி வந்ததுதான்.

இந்த விவரத்தைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாவேஸ் ரவைனிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள். ஏழைகள். தங்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மனிதர்கள் இருந்த பகுதியின் வீடுகளில்தான், நியாயம் கிடைக்காத ஒரு மனிதனின் கதை படமாகியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தெருவை என்னால் வெறும் செட்டாகப் பார்க்க முடியவில்லை.

ஸ்கவுட் என்ற சிறுமியாக நடித்த மேரி பேடமும் அவள் அண்ணனாக நடித்த ஃபிலிப் ஆல்ஃபோர்டும் அலபாமாவின் பர்மிங்ஹாமிலிருந்து வந்தவர்கள். அதற்கு முன் சினிமாவில் நடித்ததில்லை. பேச்சில் தென்மாநில வாடை இயல்பாக இருக்க வேண்டும் என்பதற்காக அங்கிருந்து பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். படத்துக்கு எட்டு ஆஸ்கார் பரிந்துரைகள், மூன்று விருதுகள். சிறந்த படத்துக்கான பரிந்துரையில் தயாரிப்பாளராக பகுலாவின் பெயர் இருந்தது. அந்த வருடம் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' அதை வாங்கிக்கொண்டு போனது.

அதற்கப்புறம் வந்தவற்றில் 'லவ் வித் தி ப்ராப்பர் ஸ்ட்ரேஞ்சர்' எனக்குப் பிடிக்கும். நடாலி வுட்டும் ஸ்டீவ் மெக்வீனும் நடித்தது. மற்ற படங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 1968-இல் 'தி ஸ்டாக்கிங் மூன்' என்ற வெஸ்டர்னோடு அந்தக் கூட்டு முடிந்தது.

அடுத்த வருடம், 1969-இல், நாற்பத்தொரு வயதில் பகுலா இயக்கிய முதல் படம் வந்தது. 'தி ஸ்டெரைல் குக்கூ'. கல்லூரி வயதில் இருவர். ஒருத்தி வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்புக்கு ஏங்குகிறவள். அவன் கூச்ச சுபாவம். அவளாக லைசா மினெல்லி நடித்தார், அதற்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. படம் முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடுவில் பாட்டைப் போட்டு இருவரையும் வயல்வெளியில் ஓடவிடும் இடங்கள் அந்தக் காலத்து வழக்கத்துக்காக வைத்தவை. ஆனால் ஒரு காட்சி இருக்கிறது.

விடுமுறைக்கு அவன் ஊருக்குப் போகாமல் கல்லூரியிலேயே தங்கிப் படிக்கப் போகிறான். தானும் அங்கே வந்து கூட இருக்கட்டுமா என்று கேட்க அவள் போன் செய்கிறாள். அவன் குரல் நமக்குக் கேட்காது. அவள் முகம் மட்டும். முதலில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். அவன் வேண்டாம் என்கிறான் என்று அவள் முகத்திலிருந்துதான் தெரிகிறது. தொந்தரவே செய்ய மாட்டேன் என்கிறாள். குரல் உடைகிறது, மறுபடி சிரிக்கப் பார்க்கிறாள், கெஞ்சுகிறாள். நிமிடங்கள் போகின்றன. வெட்டு இல்லை. பகுலா கேமராவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஏழு வருடம் கழித்து ரெட்ஃபோர்டை வைத்து எடுத்த தொலைபேசிக் காட்சியின் விதை முதல் படத்திலேயே விழுந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கே உட்கார்ந்தவனுக்கு நடிகர்கள் பயத்தைச் சொல்வார்கள், எழுத்தாளர் மனக்குறையைச் சொல்வார், இயக்குநர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு நாளைக்கு எடுக்க வேண்டிய காட்சி சரிவராது என்பார். எல்லாவற்றையும் கேட்டு, யார் என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டு, படத்தை நகர்த்துவதுதான் அந்த வேலை. மனிதர்கள் பேசுவதை ஒருவர் உட்கார்ந்து கேட்பதில் எவ்வளவு நாடகம் இருக்கிறது என்பது பகுலாவுக்கு அங்கேதான் தெரிந்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் படங்களை வரிசையாகப் பார்த்தால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. உளப்பகுப்பாய்வில் அவருக்கு ஆழமான ஈடுபாடு இருந்தது என்பதும் இதோடு பொருந்துகிறது.

1971-இல் வந்த 'க்ளூட்' படத்தின் பெயர்கள் ஓடும்போது திரையில் இருப்பது ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். அதில் ஒரு பெண்ணின் குரல். யாரோ ஒரு ஆணிடம், வெட்கப்பட எதுவும் இல்லை, மனதில் இருப்பதைச் சொல்லலாம் என்று இதமாகப் பேசுகிறது. குரலுக்குரியவள் பிரீ டேனியல்ஸ், நியூயார்க்கில் உடலை விற்றுப் பிழைப்பவள், நடிகையாக முயன்றுகொண்டிருப்பவள். அந்தக் குரலை ரகசியமாகப் பதிவுசெய்து வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான் ஒரு கொலைகாரன். கேசட் கேட்டுப் பிழைத்த எனக்கு அந்தக் கருவியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஒருவர் குரல் நம் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பேசியவருக்கு அது தெரியாது.

பிரீயாக நடித்தவர் ஜேன் ஃபோண்டா. இந்தப் பாத்திரம் தனக்கு வராது, ஃபே டன்அவேயைப் போடுங்கள் என்று பகுலாவிடமே போய்ச் சொன்னதைப் பிற்பாடு அவர் எழுதியிருக்கிறார். பகுலா விடவில்லை. பிரீயின் வீட்டை நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். ஃபோண்டா சில இரவுகள் அந்த செட்டிலேயே தங்கினார், அதற்காகக் குளியலறையில் தண்ணீர் இணைப்புக் கொடுத்தார்கள். பிரீ தன் மனநல மருத்துவரிடம் பேசும் காட்சிகளில் மருத்துவர் ஆணாக இருந்தால் பிரீ மனம் திறக்க மாட்டாள், ஒரு பெண் வேண்டும் என்றார் ஃபோண்டா. பெண் மருத்துவர் வந்தார். இந்தக் காட்சிகளைக் கடைசியாக எடுக்கலாம் என்றும் கேட்டார். அப்படியே ஆனது. எழுதிவைத்த வசனம் இல்லை. பிரீயாகவே ஃபோண்டா பேசப் பேச கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சிகளை மட்டும் நான் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்திருப்பேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார். கையைப் பிசைகிறார். ஒன்றைச் சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே புதிதாக இருப்பது போல நிறுத்துகிறார். எந்தத் திரைக்கதையிலும் இதை எழுத முடியாது. ஃபோண்டாவுக்கு அந்த வருடச் சிறந்த நடிகை ஆஸ்கார் கிடைத்தது. நடிகைக்கு அத்தனை இடம் விட்டுக்கொடுக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் அந்தப் பக்கத்து நாற்காலியைத்தான் காட்டுவேன்.

ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 'தி காட்ஃபாதர்' படத்தை எடுத்தவர், இருட்டின் இளவரசர் என்று பெயர் வாங்கியவர். பகுலாவோடு ஆறு படங்களில் வேலை செய்தார். 'க்ளூட்' படத்தில் பாதித் திரை கறுப்பாகவே இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் அகப்படாதபோது காது தானாகக் கூர்மையாகிவிடுகிறது. மொட்டைமாடியில் ஒரு காலடிச் சத்தம் கேட்டால் நமக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. 1974-இல் வந்த 'தி பேரலாக்ஸ் வியூ' படத்திலும் வில்லிஸ்தான். ஒரு அரசியல் கொலை, அதை விசாரித்து முடித்துவிட்டதாக இருட்டில் உட்கார்ந்து அறிக்கை படிக்கும் ஒரு குழு, உண்மையைத் தேடிப்போகும் ஒரு நிருபர். அவன் சொல்வதைக் கேட்க ஆளே இல்லாத உலகம் அது. படம் வந்தபோது பெரிதாக ஓடவில்லை.

அப்புறம் 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்'. உட்வர்டும் சக நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டைனும் எழுதிய புத்தகத்தின் உரிமையை வாங்கிப் படத்தை நடத்திச் சென்றவர் ரெட்ஃபோர்ட். வாஷிங்டன் போஸ்ட்டின் செய்தி அறைக்குள்ளேயே படம் எடுக்க முடியாது, வேலை கெட்டுவிடும். எனவே கலிபோர்னியாவின் பர்பாங்க் ஸ்டுடியோவில் அதே அறையை எழுப்பினார்கள். அதே ரக மேசைகள், அதே நிறம். மேசைகளின் மேல் இருக்க வேண்டிய காகிதக் குப்பைக்கு என்ன செய்வது? போஸ்ட் அலுவலகத்து உண்மையான குப்பையைப் பெட்டி பெட்டியாகக் கட்டி வாஷிங்டனிலிருந்து பர்பாங்குக்கு அனுப்பினார்கள். பத்திரிகை அலுவலகத்தில் இருபது வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குப்பை தனி ரகம். பாதி எழுதிக் கசக்கிய தாள், யாரோ ஒரு எண்ணைக் கிறுக்கிய உறை, போன வாரத்துப் பக்கத்தின் புரூஃப். புதிதாக உண்டாக்கினால் அது வராது.

அந்த அறை முழுக்க டியூப்லைட் வெளிச்சம். நிழல் ஒதுங்க இடமில்லாத வெள்ளை. உட்வர்டுக்கு ரகசியமாகத் தகவல் சொல்பவராக ஹால் ஹோல்புரூக் வரும் கார் நிறுத்தும் தளத்தில் முகம்கூடத் தெரியாத இருட்டு. படத்தின் இரண்டு பக்கமும் இதுதான். படம் தொடங்கும்போது திரை வெறும் வெள்ளையாக நெடுநேரம் நிற்கும். திடீரென்று டைப்ரைட்டரின் ஒரு எழுத்து வந்து அடிக்கும். அது நாம் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைத் தாள். அந்த அடியின் சத்தத்தில் துப்பாக்கிச் சத்தத்தையும் சாட்டைச் சத்தத்தையும் கலந்திருக்கிறார்கள். ஒலிப்பதிவுக்கும் ஆஸ்கார் கிடைத்தது.

படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம், அதிபர் நிக்சனின் தேர்தல் குழுவில் கணக்கெழுதிய பெண்ணின் வீடு. ஜேன் அலெக்ஸாண்டர் நடித்தது. டஸ்டின் ஹாஃப்மன் நடிக்கும் கார்ல் பெர்ன்ஸ்டைன் எப்படியோ பேசி வீட்டுக்குள் வந்துவிடுகிறார். அவள் பயந்துபோயிருக்கிறாள். போகச் சொல்கிறாள், ஆனால் பேசவும் வேண்டும் என்று அவளுக்குள் இருக்கிறது. அவர் அவசரப்படுவதில்லை. பெயரைச் சொல்ல வேண்டாம், முதலெழுத்தை மட்டும் சொன்னால் போதும் என்கிறார். ஒரு எழுத்து வருகிறது. ஒரு தொகை வருகிறது. அந்தச் சின்ன வேடத்துக்காக அலெக்ஸாண்டருக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள், நான்கு விருதுகள். சிறந்த இயக்குநர் பரிந்துரையில் பகுலாவும் இருந்தார். 'ராக்கி' எடுத்த ஜான் அவில்ட்சனுக்கு அது போனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மனுக்கு இந்தப் படத்தில் பட்ட பாடு ஆறவே இல்லை. ஒரு காட்சியை இப்படி எழுதட்டுமா அப்படி எழுதட்டுமா என்று கேட்டால் இரண்டையும் எழுதச் சொல்வாராம் பகுலா. எது வேண்டும் என்று முடிவு சொல்ல மாட்டாராம். கோல்ட்மன் இதைத் தன் புத்தகத்தில் மனவருத்தத்தோடு பதிவுசெய்திருக்கிறார். நான் பகுலாவை எவ்வளவு நேசித்தாலும் கோல்ட்மன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எல்லாரும் சொல்வதைக் கேட்கும் மனிதருக்கு எதை வெட்டுவது என்று முடிவெடுப்பது கஷ்டம். எழுதிக் கொடுக்கிறவனுக்கு அது நரகம். நானும் அப்படிப்பட்ட ஒரு நல்ல மனிதரின் கீழ் வேலை செய்திருக்கிறேன். ஒரே கட்டுரையை நான்கு விதமாக எழுதிக் கொடுத்த ராத்திரிகள் உண்டு.

அந்தக் குணம் கடைசிவரை அவரை விடவில்லை. 1997-இல் வந்த அவருடைய கடைசிப் படம் 'தி டெவில்ஸ் ஓன்', முழுத் திரைக்கதை கையில் இல்லாமலே படப்பிடிப்புக்குப் போனது. நடித்த பிராட் பிட் பத்திரிகையிடமே குறைப்பட்டுக்கொண்டார். ஹாரிசன் ஃபோர்ட், பிராட் பிட், கார்டன் வில்லிஸ் எல்லாரும் இருந்தும் படம் நிற்கவில்லை. இடையில் 1981-இல் 'ரோலோவர்', 1986-இல் 'ட்ரீம் லவர்' என்று தோற்ற படங்களும் உண்டு. 1990-இல் 'ப்ரிஸ்யூம்டு இன்னசன்ட்' பெரிய வெற்றி, மூன்று வருடம் கழித்து 'தி பெலிகன் ப்ரீஃப்' இன்னொன்று. முதலாவதை ஹாரிசன் ஃபோர்டின் முகத்துக்காகவே பார்க்கலாம். இரண்டாவது எனக்கு ஒட்டவில்லை.

1982-இல் வந்த 'சோஃபிஸ் சாய்ஸ்' படத்தைத்தான் நான் கடைசியில் வைத்திருந்தேன். வில்லியம் ஸ்டைரனின் நாவல். திரைக்கதையை பகுலாவே தனியாக எழுதினார். சோஃபி வேடத்துக்கு அவர் முதலில் மனதில் வைத்திருந்தது ஒரு ஸ்லோவாக்கிய நடிகையை. மெரில் ஸ்ட்ரீப் நேரில் போய்க் கேட்டுக் கேட்டு அந்த வேடத்தை வாங்கினார். போலிஷ் படித்தார், ஜெர்மன் படித்தார், ஆங்கிலத்தைப் போலந்துப் பெண் பேசுவது போலப் பேசப் பழகினார்.

1947, நியூயார்க்கின் புருக்ளின். தென்மாநிலத்திலிருந்து எழுத்தாளனாகும் கனவோடு வந்த ஒரு இளைஞன். மாடியில் சோஃபி, ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு வந்தவள். அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையை அவனிடம் சொல்கிறாள். முதலில் சொன்னது முழு உண்மை இல்லை, அடுத்து சொன்னதும் இல்லை. ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறாள். சன்னலோரம் மங்கிய வெளிச்சத்தில் ஸ்ட்ரீப்பின் முகம் திரை முழுக்க நிற்கும். அவள் பேசுவாள். கேமரா நகராது. முகாம் இறங்குமிடத்தில் இரண்டு குழந்தைகளில் எதை வைத்துக்கொள்வாய் என்று அவளிடம் கேட்கப்படும் காட்சியை ஸ்ட்ரீப் ஒரே முறைதான் நடித்தார். இன்னொரு முறை அவரால் முடியவில்லை, பகுலாவும் கேட்கவில்லை. அந்தக் காட்சியை நான் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு முறை. அதற்கப்புறம் அந்த இடம் வரும்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். அங்கேயும் சத்தம் கேட்கிறது.

ஸ்ட்ரீப்புக்கு ஆஸ்கார். பகுலாவுக்குத் திரைக்கதைக்கான பரிந்துரை. ஆக, தயாரிப்பாளராக ஒரு பரிந்துரை, இயக்குநராக ஒன்று, எழுத்தாளராக ஒன்று. மூன்று வெவ்வேறு வேலைகள், மூன்று வெவ்வேறு பத்தாண்டுகள், ஒருமுறைகூட விருது இல்லை. அவர் படங்களில் நடித்தவர்கள் வாங்கிய விருதுகளை எண்ணிப் பாருங்கள். பெக், ஃபோண்டா, 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' படத்துக்காக ஜேசன் ரோபார்ட்ஸ், ஸ்ட்ரீப்.

1998 நவம்பர் 19. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் விரைவுச்சாலையில் பகுலா தன் காரை ஓட்டிக்கொண்டு போனார். முன்னால் போன ஒரு வண்டியின் சக்கரம் சாலையில் கிடந்த இரும்புக் குழாய் ஒன்றைத் தூக்கி எறிய, அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அவர் தலையில் அடித்தது. வயது எழுபது. ரூஸ்வெல்ட் தம்பதியைப் பற்றிய ஒரு திரைக்கதையில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தார்.

போன வாரம் 'க்ளூட்' படத்தை மறுபடி போட்டேன். கடைசிக் காட்சியில் பிரீ வீட்டைக் காலிசெய்கிறாள். சாமான்கள் எல்லாம் போய்விட்டன. கிளம்பும் நேரத்தில் போன் அடிக்கிறது, எடுத்து, ஊரைவிட்டுப் போகிறேன், திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை என்று சொல்லி வைக்கிறாள். அதே நேரம் மருத்துவரிடம் அவள் பேசும் குரல் மேலே ஓடுகிறது. அந்தக் குரல் வேறு மாதிரி சொல்கிறது. அடுத்த வாரமே திரும்பி வந்தாலும் வந்துவிடுவேன் என்கிறது. அவளும், படத்தின் பெயருக்குரிய துப்பறிவாளன் க்ளூட்டும் வெளியே போகிறார்கள். கேமரா பின்னால் போகவில்லை, காலி அறையிலேயே நிற்கிறது.